ஒரகடம் போன கழுகுத் திருக்கை

ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர் வழியெல்லாம் பொறுத்துப் பார்த்துவிட்டு, செங்கல்பட்டு நெருங்கும்போது கேட்டேவிட்டார், அது கேரம் போர்டா என்று. மீன் என்றேன். அவர் தன் டிபன் டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

மீன்தான். சைக்கிள் சக்கர அகலத்தில், இரண்டு இறக்கையையும் விரித்தபடி காய்ந்து விறைத்துப்போன ஒரு கழுகுத் திருக்கைக் குட்டி. அதற்கு மூன்று சுற்று பபிள் ராப், மேலே என் பழைய போர்வை, அதற்கும் மேலே கொடிக்கயிறு. தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தும் நான் வாழ்க்கையில் எவ்வளவோ மீனைத் தூக்கியிருக்கிறேன். கடலை விட்டு விலகி விலகி உள்நாட்டுக்கு ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை.

சொந்தக்காரர் அந்தோணி அண்ணன். இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் வலையில் ஏறியது. விற்க மனம் வராமல் வைக்கோலும் பிளாஸ்டர் மாவும் அடைத்துக் காயவைத்து முன்னறைச் சுவரில் மாட்டிவிட்டார். தண்ணீரிலிருந்து தூக்கியபோது முதுகு முழுக்க வலை பின்னினாற்போல் கோடு இருந்தது என்பார். வாலில் முள்ளே கிடையாது என்றும் சொல்வார். இப்போது அது பழைய செருப்புத் தோல் நிறத்தில் இருக்கிறது, வாலும் முறிந்து, சுருங்கிய அடிக்கட்டைதான் மிச்சம். கோட்டுக்கும் சாட்சி இல்லை, முள்ளுக்கும் இல்லை.

எங்கள் கரையில் சாதாரணமாகக் கிடைப்பது புள்ளி போட்ட கழுகுத் திருக்கை. கோடு போட்டது வேறு இனம், வேறு குடும்பமும்கூட. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அது சிக்கும். எங்கள் கரையில் அது இருந்தது என்று அண்ணன் பேச்சை நம்பி ஒரு ஆய்விதழுக்கு எழுதினேன். மீனவர் ஒருவரின் ஞாபகத்தைச் சான்றாக ஏற்க முடியாது, பல்லைக் காட்டுங்கள் என்று பதில் வந்தது. கேட்டது நியாயம்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. புள்ளிக்காரிக்குத் தாடையில் ஒரே வரிசைப் பல், பட்டை பட்டையாக. கோட்டுக்காரிக்குப் பல வரிசை. ஆனால் வாய் காய்ந்து இறுகி, உள்ளே பிளாஸ்டர். அறுத்துப் பார்க்க அண்ணன் விடமாட்டார். ஸ்கேன் சென்டர்களில் நோயாளி பெயர், வயது, ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். பெண் என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது.

கடைசியில் பழைய மாணவி ஒருத்தி வழி காட்டினாள். ஒரகடத்தில் காருக்கு அலாய் வீல் வார்க்கும் கம்பெனி ஒன்றில், வீலுக்குள் ஓட்டை இருக்கிறதா என்று உடைக்காமல் பார்க்கும் ஸ்கேன் மெஷின் இருக்கிறதாம். வீல் நுழையும் இடத்தில் குட்டித் திருக்கை நுழையாதா என்ன. அவளே அனுமதியும் வாங்கிக் கொடுத்தாள். கிளம்பும்போது அந்தோணி அண்ணன் போர்வை முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"பல்லு தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் முழுசா கொண்டாந்துருங்க டீச்சர். நான் சொன்னத நம்பாம சிரிச்சவன் ஊரெல்லாம் இருக்கான். எனக்குன்னு இருக்க ஒரே சாட்சி இதுதான்."

முதல் நாளே நான் தப்பான பஸ்ஸில் ஏறினேன். ஒரகடத்தில் சாலைகள் கூடும் கூட்ரோட்டில் வெள்ளையாக ஒரு பஸ் நின்றது, இடமும் இருந்தது, ஏறிவிட்டேன். உள்ளே அத்தனை பேரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கேட்க யாரும் வரவில்லை, அடடா என்ன அருமையான ஊர் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், ஐடி கார்டு தொங்காத கழுத்து அந்த பஸ்ஸில் என்னுடையது ஒன்றுதான். அது வேறொரு கம்பெனியின் ஷிப்ட் பஸ். பிரேக் செய்கிற கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து என் வீல் கம்பெனிக்கு ஷேர் ஆட்டோவில், மீனை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு ஒடிசாப் பையன்களின் முழங்கைகளுக்கு நடுவே போனேன். அவர்கள் இந்தியில் பேசிக்கொண்டது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. "டிவியாக இருக்கும்" என்றான் ஒருவன். "டிவியை எவனாவது மடியில் வைத்துக்கொண்டு தட்டிக்கொடுப்பானா" என்றான் மற்றவன். நான் தட்டிக்கொடுத்துக்கொண்டா இருந்தேன்? இருந்தேன்போலிருக்கிறது.

வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட் வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் ஊரில் பலகைகள் தமிழில் இருக்கும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் தப்பாக இருக்கும். இங்கே கொரிய எழுத்து, ஜப்பான் எழுத்து, இந்தி, ஒரு பலகையில் தமிழோடு நாலும் சேர்ந்து. அதற்குக் கீழே ஒருவர் நிம்மதியாக எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

கேட்டில் ஆரம்பித்தது கூத்து. ஆள் போகிற வாசல் ஒன்றாம் நம்பராம், பொருள் போகிற வாசல் இரண்டாம் நம்பராம். நான் ஆள், என் மடியில் இருப்பது பொருள். ஆகவே ஒன்றிலிருந்து இரண்டுக்கு வெயிலில் அரைக் கிலோமீட்டர். இரண்டாம் கேட்டில் முனுசாமி என்ற செக்யூரிட்டி இருந்தார். ஐம்பது வயதிருக்கும், மீசை சட்டைப் பட்டனை விட ஒழுங்காக இருந்தது. பதிவேட்டைத் திறந்து, பொருளின் பெயர் என்ன என்றார். சொன்னேன், அறிவியல் பெயரோடு. பேனாவை மூடிவிட்டார்.

"மேடம், இந்தக் கட்டத்துல அவ்ளோ எடம் இல்ல. மீன்னு போட்டுக்கவா?"

அடுத்தது, பொருள் திரும்பிப் போகுமா, போகாதா. திரும்பிப் போகும் என்றேன். அதற்குத் தனிப் பதிவேடு, தனிக் கலர்ச் சீட்டு. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், முறிந்த வாலைக் காட்டி இது வரும்போதே இப்படித்தானா என்று கேட்டு அதையும் எழுதினார். 'மீன் – 1. காய்ந்தது. வால் இல்லை. திரும்பக்கூடியது.' இதற்குள் அரைமணி ஆகிவிட்டது. என் திருமணத்தைப் பதிவு செய்தபோதுகூட இவ்வளவு நேரம் ஆகவில்லை. மனதுக்குள் அவரைத் திட்டினேன், அதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஸ்கேன் ரூமில் தேவி இருந்தாள். பக்கத்து ஊரான மண்ணூர்க்காரி, மெஷினை ஓட்டுவது அவள்தான். வீட்டில் இன்னும் நெல் வைக்கிறார்கள், இவளும் தம்பியும் கம்பெனிக்கு வந்துவிட்டார்கள். போர்வையைப் பிரித்ததும் குனிந்து பார்த்தாள். பிறகு, இது மூஞ்சி சிரிக்கிறது என்றாள். அன்று வீல் வேலை முடியாததால் மீனை அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் காலை அதற்கு நேரம் ஒதுக்கினாள்.

லாட்ஜுக்குப் பக்கத்தில் கொரியச் சாப்பாட்டுக் கடை ஒன்று. வந்ததுதான் வந்தோம் என்று நுழைந்தேன். சோறு, சூப், சுற்றிலும் எட்டுக் கிண்ணம். அதில் ஒன்றில் இருந்தது கடல்பாசி. எங்கள் கரையில் கால் வழுக்கினால் திட்டிக்கொண்டே தாண்டிப் போகும் சமாசாரத்தை இங்கே எள் தூவி வைத்திருந்தார்கள். வெட்கமில்லாமல் இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

இரண்டாம் நாள் காலையில் திருக்கையைச் சுழலும் மேடைமேல் நிறுத்தினோம். வீலைப் பிடிக்கும் கிடுக்கி அதற்கு ஒத்துவராததால், தேவி தன் துப்பட்டாவை மடித்து அண்டை கொடுத்தாள். கதவு மூடியதும் கண்ணாடிக்குப் பின்னால் மீன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது, சப்பரத்தில் சாமி திரும்புகிற மாதிரி. எனக்குக் கை கால் ஓடவில்லை. சிரிப்பு வேறு வந்துகொண்டே இருந்தது.

அது சுற்றுகிற நேரத்தில் தேவிக்குக் கழுகுத் திருக்கைகளின் கதையைச் சொன்னேன். புள்ளி போட்ட திருக்கை உலகத்தில் எந்தக் கடலில் கிடைத்தாலும் வெகுகாலம் ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள். பிறகு உட்கார்ந்து பல்லையும் புள்ளியையும் மரபணுவையும் பார்த்தபோது, அட்லாண்டிக்கில் இருப்பது வேறு, நம் பக்கம் இருப்பது வேறு, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருப்பது இன்னொன்று என்று தெரிந்தது. பழைய பெயர் அட்லாண்டிக்காரிக்குப் போய்விட்டது, நம்முடையதுக்கு வேறு பெயர். அந்தக் கூட்டத்தையே தனிக் குடும்பமாகவும் பிரித்துவிட்டார்கள். தேவி கொட்டாவி விடுவாள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க லைன்ல கூட இப்டிதான் மேடம். அஞ்சு நாட்டுக்கும் ஒரே வீலுன்னு அனுப்பிக்கினு இருந்தாங்க. அப்புறம் அளந்து பாத்தா ஒவ்வொண்ணும் கொஞ்சம் வேற. பார்ட் நம்பர் பிரிச்சு வுட்டுட்டாங்க."

இருபது வருஷமாக நான் வகுப்பில் அரைமணி நேரம் மூச்சைப் பிடித்துச் சொல்வதை அவள் நாலே வரியில் சொல்லிவிட்டாள். இந்த வருஷத்திலிருந்து அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஸ்கேன் முடிந்தது. படமாகக் கோத்துத் தர கம்ப்யூட்டருக்கு மறுநாள் காலை வரை ஆகும். தேவைப்பட்டால் இன்னொரு தடவை சுற்றலாம் என்று மீனை அங்கேயே அலமாரியில் விட்டுவிட்டு, கேன்டீனுக்குக் கூட்டிப் போனாள். சாம்பார், கோஸ் பொரியல், அப்பளம், வடக்கத்தியருக்கு ரொட்டி. எங்கள் எதிரே சோ என்ற கொரிய இன்ஜினியர் உட்கார்ந்தார். மெஷினைப் பராமரிக்க வந்தவர். சாம்பாரில் அப்பளத்தை முக்கி, அது ஊறும்வரை வெகு பொறுமையாகக் காத்திருந்தார். எங்கள் போன்கள் ஒன்றாம் கேட்டில், அவருக்கு மட்டும் அனுமதி; பேசியதெல்லாம் அவர் போன் வழியாகத்தான். அவர் சொல்வதை அது ஒரு பெண் குரலில் ஆங்கிலமாக்கியது.

திருக்கையை அவர் காலையிலேயே பார்த்துவிட்டாராம். தங்கள் கடலிலும் அதன் உறவுக்காரி உண்டு, தங்கள் மொழியில் அதைப் பருந்துத் திருக்கை என்பார்கள் என்றார். நான் வாயில் வைத்த அப்பளத்தை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரை ஒருவர் கேட்காமலே இரண்டு ஊர்க்காரர்கள் தண்ணீருக்குள் பார்த்துவிட்டு, ஒருவர் கழுகு என்றும் ஒருவர் பருந்து என்றும் சொல்லியிருக்கிறார்கள். வேறொரு வகைத் திருக்கையைப் புளிக்கவைத்து, மூக்கு எரிய எரிய, கல்யாணத்தில் சாப்பிடுவார்கள் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைக் குழம்பு வைத்துக் கொடுப்போம் என்றேன். போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ, எழுந்து என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். எனக்கு வயது நாற்பத்தொன்பது.

அன்று மாலை வாலாஜாபாத் வரை பஸ்ஸில் போய், கடைத்தெருவைச் சுற்றி, முறுக்கு வாங்கித் தின்றுகொண்டே திரும்பினேன். தேவைக்கு மேல் சந்தோஷமாக இருந்தேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை ஸ்கேன் ரூமுக்குள் போனால், தேவி அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அலமாரியில் போர்வை மட்டும் இருந்தது.

நடந்தது இதுதான். அந்த மெஷின் எதைச் சுற்றினாலும் வீல் என்றுதான் நினைக்கும். உள்ளே ஓட்டை தட்டுப்பட்டால், படம் கோத்து முடிவதற்கு முன்பே தானாகவே சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைத் துப்பும், என்.ஜி. என்று. நாட் குட், கழிவு. அந்தோணி அண்ணன் அடைத்த வைக்கோலுக்குள் ஓட்டைக்கா பஞ்சம்? துப்பிவிட்டது. ஸ்டிக்கர் வந்தால் கிழித்துப் பொருள்மேல் ஒட்டுவது ஆறு வருஷமாக தேவியின் கைக்குப் பழக்கம். என்னோடு அட்லாண்டிக் பற்றிப் பேசிக்கொண்டே மீனின் நெற்றியில் ஒட்டியிருக்கிறாள். அவள் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிவிட்டாள். அடுத்த ஷிப்ட்டுக்கு வந்தவர் ஒழுங்கானவர். சிவப்பு ஸ்டிக்கர் போட்டது எதுவும் அலமாரியில் இருக்கக் கூடாது, சிவப்புத் தொட்டிக்குப் போக வேண்டும். போட்டுவிட்டார். அந்தத் தொட்டியை ஸ்கிராப் லாரி காலையில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

"நான்தான் ஒட்னேன் மேடம். என் கைதான்," என்றாள் தேவி. கையைத் தனியாக நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அண்ணன் வீட்டு முன்னறைச் சுவரும் அதில் வெறுமையாக இருக்கும் ஆணியும்தான் கண்முன் வந்தன. அந்த ஆணிக்குக் கீழே நின்று நான் என்ன சொல்வேன்? பல் தெரிந்தால் என்ன, படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் நம்பப்போகிறார்கள்? பொருள் எங்கே என்று கேட்பார்கள். அழுத்தி உருக்கிவிட்டோம் என்று எழுதவா?

லோடிங் இடத்துக்கு ஓடினோம். லாரி கிளம்பிவிட்டது. பென்னலூரில் இருக்கும் ஸ்கிராப் யார்டுக்குத்தான் போகும், அங்கே அலுமினியத்தை உடனே அமுக்கிக் கட்டியாக்கிவிடுவார்கள் என்றாள் தேவி. சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒன்றாம் கேட்டில் எங்கள் போன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவள் ஸ்கூட்டியில் ஏறினோம். கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே அவள் ஓட்டியதைப் பற்றி எழுதினால் அவள் அம்மா படித்துவிடுவார். ஒரு வளைவில் என் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் செருப்பு இன்னும் ஒரகடம் சாலையில்தான் இருக்கும்.

யார்டில் மலைபோல் வீல் குவிந்து கிடந்தது. ஒற்றைச் செருப்போடு அதில் ஏற ஆரம்பித்தேன். அங்கிருந்த மேஸ்திரி எங்களை வினோதமாகப் பார்த்துவிட்டு, எந்த கம்பெனி வண்டி என்று கேட்டார். சொன்னோம். அந்த வண்டி இன்னும் வரவே இல்லையே என்றார். வழியில் நாங்கள் அதைத் தாண்டவும் இல்லை. அப்போதுதான் பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஏழு அழைப்பு.

கூப்பிட்டேன். முனுசாமி.

"இன்னா மேடம், எம்மா நேரமா அடிச்சிக்கினு கீறேன். உன் மீனு இங்கதான் கீது. சீக்கிரம் வா, லாரிக்காரன் கத்தறான்."

திரும்பி வந்தபோது இரண்டாம் கேட்டில் ஸ்கிராப் லாரி நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று லாரி. ஹாரன் காதைப் பிளந்தது. முனுசாமியின் நாற்காலியில், நிழலில், நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரோடு திருக்கை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார், பதிவேட்டைக் கையில் அணைத்தபடி.

தொட்டியில் இறக்கை நுனி தெரிந்ததாம். இறக்கச் சொன்னாராம். கழிவு என்று ஸ்டிக்கர் இருக்கிறதே என்று டிரைவர் வாதாடியிருக்கிறார். ஸ்டிக்கர் ஆயிரம் சொல்லட்டும், என் பதிவேட்டில் இது திரும்பக்கூடியது, கொண்டுவந்த ஆள் கையெழுத்துப் போடாமல் வெளியே போகாது என்றிருக்கிறார் இவர். அரைமணி நேரமாக லாரியைக் கேட்டில் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பெரிய அதிகாரி போன் செய்தும் நகரவில்லையாம். முதல் நாள் நான் திட்டிய அதே அரைமணி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவரோ, அதற்கென்று ஒரு கட்டம் பதிவேட்டில் இல்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

நெற்றி ஸ்டிக்கரை தேவி வெந்நீர்த் துணி வைத்து, தோல் உரியாமல், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எடுத்தாள். பிறகு ஸ்கேன் ரூமில் திரை முன்னால் உட்கார்ந்தோம். தோல் போனது, வைக்கோல் போனது, பிளாஸ்டர் புகைபோல் விலகியது. தாடை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கம்தான், ஆனால் மூடிக்கொண்டேன்.

தேவி வீல் ஆணிகளை எண்ணும் குரலில் எண்ணினாள். "நடுவுல பெருசா ஒரு வரிசை. இந்தாண்ட சின்னதா மூணு, அந்தாண்ட மூணு. மொத்தம் ஏழு மேடம்."

ஒன்றல்ல, ஏழு. திறந்து பார்த்தேன், நானும் எண்ணினேன், இன்னொரு தடவை எண்ணினேன். வால் முறிந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முள் முளைக்கும் இடம் வழவழவென்று இருந்தது. முள் இருந்ததற்கு அடையாளமே இல்லை. புள்ளிக்காரி இல்லை. முதுகில் கோடு இருந்தது என்று அண்ணன் சொன்னதும் இதனோடு சேர்ந்தால் வேறு எவளாகவும் இருக்க முடியாது. நானும் தேவியும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சோவும் காரணம் கேட்காமல் குதித்தார்.

வெளியே போகும்போது மறுபடி இரண்டாம் கேட். முனுசாமி பதிவேட்டைத் திறந்தார். நான் பெருமையோடு, மீன் என்று எழுத வேண்டாம், இப்போது அதற்குச் சரியான பெயர் தெரிந்துவிட்டது என்றேன். தலையை ஆட்டிவிட்டார். உள்ளே மீனாக வந்தது வெளியேயும் மீனாகத்தான் போக வேண்டுமாம், இல்லாவிட்டால் கணக்கு இடிக்கும். என் முகத்தைப் பார்த்திருப்பார். சற்று யோசித்து, கடைசியில் குறிப்பு என்றொரு கட்டம் சும்மாதான் கிடக்கிறது, அதில் வேண்டுமானால் எழுதலாம் என்றார். நான் சொல்லச் சொல்ல, பதிவேட்டிலும் கேட் பாஸ் சீட்டிலும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

கூட்ரோட்டில் நின்று அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டேன். ஏழு வரிசை என்றேன், முள் இல்லை என்றேன், நீங்கள் சொன்ன கோட்டுக்காரிதான் என்றேன். அந்தப் பக்கம் அலைச் சத்தம்தான் கேட்டது. சரி, அவருக்குப் புரியும்படி ஏதாவது சொல்வோம் என்று கையிலிருந்த கேட் பாஸைப் படித்துக் காட்டினேன்.

'மீன் – 1. காய்ந்தது. வால் இல்லை. குறிப்பு: வலைக்கோட்டுக் கழுகுத் திருக்கை. பிடித்தவர் அந்தோணி, தூத்துக்குடி. அவர் சொன்னது சரி.'

அண்ணன் கேட்டார். "சீல் போட்டுருக்காங்களா டீச்சர்?"

ஊதா மையில், வட்டமாக, சற்றுக் கோணலாக இருந்தது. போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"அப்பம் அதையும் பத்திரமா கொண்டாங்க. மீனுக்குப் பக்கத்துல மாட்டணும்."